பதினொரு விநாடி மௌனம்

அத்தியாயம் 9

ரோஹிணி பொய் சொல்லியிருந்தாள்.

அதற்கான சாட்சி ஆறு தாள்களாக மாதங்கியின் மேஜைமேல் கிடந்தது. லேக் கார்டன்ஸில் ஒரு வங்காள மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய ஆபீஸ். கீழே பால் சுண்டுகிற வாசனை படியேறி வரும். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கண்டுபிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கண்டுபிடிக்கிறாள். அவளிடம் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிற உத்தமன் கிடர்பூரில் பிறந்தவன், லாரி ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவன். வாயை மூட மாட்டான் என்பதுதான் அவனைப் பற்றிய ஒரே புகார்.

"லாக் பதிவாகவே இல்லைன்னு அந்தப் பொண்ணு நம்ம மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிச்சு, தீதி. ஸ்பீக்கர் வித்த கம்பெனிக்கு தினமும் ஒரு காப்பி தானா போகும்கிறதை மறந்துட்டா. அதை அங்கேயிருந்து வாங்க அரை கிலோ சந்தேஷ் ஸ்வீட் செலவு எனக்கு."

மாதங்கி சிரிக்கவில்லை. ஜன்னலோரம் நின்று முதல் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இரண்டு பதினேழுக்கு, கிடர்பூரில் ஒரு தனியார் சரக்குக் கிடங்கில் கிரேனிலிருந்து இரும்புக் குழாய்க் கட்டு நழுவியது. கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். மைக்கில் எச்சரித்தார்கள். சைரனையும் அழுத்தினார்கள். இரண்டும் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரவேண்டும். கிடங்கு முழுவதும் நாற்பது ஸ்பீக்கர் இருந்தும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. கீழே நடந்து வந்துகொண்டிருந்த ஸ்டோர் கீப்பர் நாகரத்தினம் அந்த இடத்திலேயே போய்விட்டார். ஸ்பீக்கர்களைப் பராமரித்த ரோஹிணியின் அலட்சியம்தான் காரணம் என்று கிடங்கு மானேஜர் ஜெய்ராம் எழுதிக்கொடுக்க, அவள் சஸ்பெண்ட் ஆனாள். மறுநாள் பதினொரு மணிக்குப் போலீஸ் விசாரணை. அதில் ஒன்றும் புதிதாக வராவிட்டால் கைது.

இதில் உத்தமனுக்குப் புரியாத ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்காக மாதங்கியைத் தேடி வந்தது அந்தப் பெண்ணின் அப்பா இல்லை. செத்துப்போனவரின் மனைவி வத்சலா. பெஹாலாவிலிருந்து இரண்டு ஆட்டோ மாறி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்தப் பெண் இதைச் செய்திருக்க மாட்டாள், யார் மேலேயோ இருக்கிற தப்பை அவள் தலையில் கட்டுகிறார்கள், அது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் உத்தமனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மாதங்கி தாள்களை வரிசையாக அடுக்கினாள். இந்த ரக ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. நாற்பதும் ஒரே குரலில் பேச வேண்டுமானால் நாற்பது கடிகாரமும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அதற்காகத் தங்களுக்குள் ஒன்றை மாஸ்டராக வைத்துக்கொள்ளும், மற்றவை அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அந்த ஒத்துப்போதலை விநாடிக்கு விநாடி குறித்து வைப்பதுதான் லாக். மாஸ்டர் திடீரென்று காணாமல் போனால் இன்னொன்று பொறுப்பேற்கும்வரை எல்லாம் மௌனமாகிவிடும். தாறுமாறாகப் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று அவற்றைப் பழக்கியிருக்கிறார்கள்.

"என்னையும் வீட்ல அப்படித்தான் பழக்கப் பார்த்தாங்க" என்றான் உத்தமன்.

"இதைப் பாரு."

பன்னிரண்டு நாற்பதுக்குப் புதிதாக ஒரு பெட்டி நெட்வொர்க்கில் சேர்ந்திருந்தது. கிடங்கின் கணக்கிலேயே இல்லாத பெட்டி. பெயர் இல்லை, நம்பர் மட்டும். வந்த கையோடு தன்னை மாஸ்டர் என்று அறிவித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லாததால் மற்றவை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஒன்பது நிமிஷம் கழித்து அது அணைந்து மறுபடி எழுந்தது. அந்த இடைவெளியில் நாற்பது ஸ்பீக்கரும் பதினொரு விநாடி ஊமை. அப்புறம் ஒன்று பதினொன்றுக்கு. ஒன்று முப்பத்துமூன்றுக்கு. ஒன்று ஐம்பத்தைந்துக்கு. இரண்டு பதினேழுக்கு. சாயங்காலம் அந்தப் பெட்டி மறையும்வரை இப்படியே. முந்தின நான்கு தடவையும் யாரும் மைக்கில் பேசவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"இருபத்திரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம்" என்றாள் மாதங்கி. "மனுஷன் கை இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாது. தானா ஓடி, தானா நிக்கிற ஒண்ணு எது?"

"என் மச்சினன் பசி."

"மோட்டார். பெரிய மோட்டார் ஒண்ணு கிளம்பறப்போ கரண்ட் ஒரு நொடி குறையும். அதே பிளக்ல இருக்கிற சின்னப் பெட்டி அணைஞ்சு எழுந்திருக்கும். ஏ.சி. மாதிரி ஒண்ணு."

உத்தமன் நாற்காலியை நகர்த்தியபடி எழுந்துவிட்டான். கிடங்கில் இரண்டு இடத்தில்தான் ஏ.சி. கண்ட்ரோல் ரூமுக்குத் தனி பேட்டரி லைன், அங்கே கரண்ட் குறையாது. மீதி இருப்பது ஒன்று. ரோஹிணிமேல் பழியை எழுதிக்கொடுத்த ஜெய்ராமின் அறை.

கிடர்பூருக்குப் போகிற டாக்சியில் அவன் பாட்டுக்கூடப் பாடினான். மாதங்கி தடுக்கவில்லை.

ஜெய்ராம் அவர்களை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மனிதர். வெளியே மழை விட்டு வெயில் அடித்தது, கைவண்டிகள் சேற்றில் சிக்கி யாரோ யாரையோ ஹிந்தியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். மாதங்கி சுற்றி வளைக்காமல், பன்னிரண்டாம் தேதி இந்த அறையில் ஏதாவது புதிய கருவி மாட்டப்பட்டதா என்று கேட்டாள். ஏ.சி. பக்கத்தில்.

அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். ஏ.சி. ஆகஸ்ட் இரண்டாம் தேதி கழற்றப்பட்டு ரிப்பேருக்குப் போயிருந்தது. திரும்பி வந்தது இருபதாம் தேதி. சுவரில் அதைச் சுற்றிப் பூசின சிமெண்ட் இன்னும் புதுசாகவே இருந்தது. வாசலில் நின்ற பியூனும், அந்த இரண்டு வாரம் சாருக்கு ஒரு நாளைக்கு இரண்டு சட்டை என்று சாட்சி சொன்னான்.

கீழே இறங்கும்போது உத்தமன் சொன்னான், "நமக்குன்னு ஒரு வில்லன் கிடைச்சான். அவனும் வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கான்."

இரண்டு பேரும் கான்டீனில் போய் உட்கார்ந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. தகரக் கூரை, நான்கு பெஞ்சு, கதவில் துரு ஏறிய ஒரு பெரிய பழைய ஃபிரிட்ஜ். கான்டீனை நடத்துகிற ஹாருதா இரண்டு டீயை வைத்துவிட்டு வங்காளியில் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். உத்தமன் பதில் சொல்ல நிமிர்ந்தான். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் ஒரு உறுமலோடு கிளம்பியது. தலைக்கு மேலே எரிந்த பல்ப் ஒரு கணம் மங்கி, மறுபடி எரிந்தது.

அவன் மாதங்கியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு டீ சொன்னார்கள். குடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் ஓடியது, நின்றது. மறுபடி உறுமி, பல்ப் மங்கியபோது இருபத்திரண்டு நிமிஷம் ஆகிச் சில விநாடி. உத்தமன் எழுந்து போய் ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்த்தான். பில் போடுகிற மெஷினுக்காக அங்கே ஒரு பிளக்கும் ஒரு நெட்வொர்க் சாக்கெட்டும் இருந்தன. பக்கத்தில் தூசி படிந்த தரையில், ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குத் தூசி இல்லாத சதுரம்.

"தாதா, இங்க என்ன இருந்தது?"

ஹாருதா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். கேட்கட்டும் என்று காத்திருந்தவர் போலத்தான் சொல்ல ஆரம்பித்தார், ஆனால் அது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாகா-தா, நாகரத்தினம் அண்ணன், ஒரு பெட்டி வைத்திருந்தார் என்றார். சாந்தினி மார்க்கெட்டில் பழசாக வாங்கியது. இந்த ஸ்பீக்கரெல்லாம் நாள் பூரா நம்மை விரட்டுகின்றன, சாப்பாட்டு வேளையிலாவது அரை மணி பாட்டுப் போட்டால் என்ன என்பார். வெள்ளிக்கிழமை எல்லாரையும் அசத்தப் போவதாகச் சொல்லி, அன்றைக்குச் சும்மா மாட்டி மட்டும் பார்த்தார். சத்தம் இல்லாமல். பாட்டு எதுவும் போடவில்லை. சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, ஷெட்டுக்குத் திரும்பி நடந்தார்.

கான்டீன் வாசலிலிருந்து பார்த்தாலே குழாய்க் கட்டு விழுந்த இடம் தெரியும்.

மாதங்கி தாழ்ந்த குரலில் கேட்டாள், பெட்டி இப்போது எங்கே. அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன் என்றார் ஹாருதா. அவருடைய டிபன் கேரியர், குடை, செருப்பு எல்லாவற்றோடும் ஒரு பையில் போட்டு பௌதிக்கு அனுப்பிவிட்டேன். அவருடைய பொருள்தானே.

பௌதி என்றால் அண்ணி, வத்சலாதான்.

கிடங்கு வாசலில் நின்று மாதங்கி ரோஹிணிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், உத்தமன் கேட்கட்டும் என்று. லாக்கைப் பார்த்தோம், கான்டீனையும் பார்த்தோம் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் சொன்னாள்:

"ரெண்டு தடவை என்கிட்ட கேட்டார். நெட்வொர்க்ல வெளிப் பெட்டி எதுவும் சேர்க்கக் கூடாதுன்னு சொன்னேன். சிரிச்சுண்டே போயிட்டார். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டியிருக்கார், அதனால லாக்ல நம்பரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுத்து."

"அப்போ ஏன் சொல்லலை?"

"சொல்றதாத்தான் இருந்தேன். அன்னிக்கு வத்சலா ஆன்ட்டி எங்காத்துக்கு வந்தா. பதினாலாம் நாள்கூட ஆகலை. நீ பண்ணலைன்னு எனக்குத் தெரியும்னு சொல்லி என் கையைப் பிடிச்சுண்டா. அதுக்கப்புறம் நான் எப்படி மேடம் சொல்வேன்?"

பெஹாலா பஸ்ஸில் நிற்க மட்டும்தான் இடம் இருந்தது. உத்தமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். யார் வைத்தது என்று தெரியவில்லை, ஏதோ ஒரு பெட்டி என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன. மாதங்கியின் காதருகே அதைச் சொல்லியும் பார்த்தான். அவள் மறுக்கவில்லை. பெட்டியைக் காட்டாவிட்டால் அந்தப் பெட்டியை வைத்ததும் ரோஹிணிதான் என்று ஆகிவிடும், நெட்வொர்க்கின் சாவி அவளிடம்தானே இருந்தது என்றாள். அவன் வேறு வழிகளையும் யோசித்தான். தாரதலா வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. இவ்வளவு நாளில் ஒரு கேஸை முடிக்கவே கூடாது என்று அவன் நினைத்தது அன்றைக்குத்தான்.

வத்சலா கதவைத் திறந்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். யார் என்று தெரிஞ்சிருச்சா என்று கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

மாதங்கி நின்றபடியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாட்டு, பெட்டி, ஃபிரிட்ஜ், பதினொரு விநாடி. உத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொசைக்கில் ஒரு இடத்தில் விரிசல், அதில் ஒரு எறும்பு வரிசை. அதை எண்ண ஆரம்பித்தான்.

சொல்லி முடிந்ததும் வத்சலா உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கிற சத்தம். மூன்று வாரமாக முடிச்சு அவிழ்க்காத ஒரு நீல நிறப் பையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். குடையை எடுத்து வைத்தாள். செருப்பை எடுத்து வைத்தாள். டிபன் கேரியரை எடுத்தபோது உள்ளே கெட்டுப்போயிருந்ததன் நாற்றம் அறை முழுவதும் பரவியது, அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. கடைசியில், பழைய துண்டு ஒன்றில் சுற்றிய பெட்டி.

உத்தமன் குனிந்து அடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தான். நம்பரில் எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு. ஒன்றாவது மாறியிருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்தான். மாறவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் வத்சலா.

"முதல் நாளிலிருந்தே தெரியும்" என்றாள் மாதங்கி.

வத்சலா பெட்டியை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இதைக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள், மாதங்கி சொன்னாள். கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள், அதையும் சொன்னாள். கடைசியில் அவள் உத்தமனைப் பார்த்து, நாளைக்கு எத்தனை மணிக்கு தம்பி என்றாள்.

"பதினொண்ணு."

"நீங்க போங்க. இது இன்னிக்கு ஒரு நாள் இங்க இருக்கட்டும்."

இருந்த ஒரே சாட்சியை அவள் மடியிலேயே விட்டுவிட்டு இருவரும் படியிறங்கினார்கள். தடுக்க மாதங்கிக்கு மனசில்லை. உத்தமனுக்குத் தோன்றக்கூட இல்லை.

மறுநாள் கிடங்கு ஆபீஸில் பதினொரு மணிக்கு எல்லாரும் இருந்தார்கள். விசாரணை அதிகாரி, அவருடைய டைப்பிஸ்ட், ஃபைலோடு ஜெய்ராம். ஓரத்தில் ரோஹிணி, பக்கத்தில் அவளுடைய அப்பா திருவேங்கடம், பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், மகளின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு. பதினொன்று பத்து ஆயிற்று. அதிகாரி பேனாவைத் திறந்தார். உத்தமன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான். ரோஹிணி மட்டும் வாசலைப் பார்க்கவே இல்லை. வத்சலா வராமலிருந்தால் நல்லது என்று அவள் வேண்டிக்கொள்வதுபோல இருந்தது அவனுக்கு.

பதினொன்று இருபதுக்கு வத்சலா வந்தாள். நேராக மேஜைக்குப் போய்த் துண்டை அவிழ்த்துப் பெட்டியை வைத்தாள். இருபத்தேழு வருஷம் பெஹாலாவில் பேசிய வங்காளியில், இது என் வீட்டுக்காரருடையது, கான்டீனில் இதை மாட்டியது அவர்தான், அந்தப் பெண்மேல் தப்பில்லை என்றாள். மாதங்கி லாக் தாள்களைப் பக்கத்தில் வைத்தாள். ஹாருதாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாதங்கி ஒன்று கேட்டாள். உயிர் போகிற எச்சரிக்கைக்கு இந்த ஸ்பீக்கர்களைத் தவிர வேறு வழியே இல்லாமல் வைத்தது யார், சைரனுக்குத் தனி லைன் ஏன் இல்லை. அதிகாரி நியாயமான கேள்விதான் என்றார். இந்தக் கேஸில் அது வராது என்றார். ஜெய்ராம் ஃபைலின் நாடாவைக் கட்டினார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, ஆனால் மூச்சு சீராக வந்தது. மாதங்கி இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில்தான்.

டைப்பிஸ்ட் இங்கிலீஷில் அடித்த வாக்குமூலத்தை வத்சலாவின் முன்னால் நகர்த்தினான். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. தமிழ் தெரிந்த ஒருவர் படித்துச் சொல்லி, சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும் என்றார் அதிகாரி. எல்லாரும் உத்தமனைப் பார்த்தார்கள்.

அவன் தாளை எடுத்தான். மேலே இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசி வரியில் நின்றுவிட்டான். மேற்படியார் தன்னுடைய சொந்தக் கவனக்குறைவினால் மரணமடைந்தார் என்று இருந்தது. அதை வேறு எப்படியாவது சொல்ல முடியுமா என்று தேடினான். எத்தனையோ வார்த்தைகள் அவனுக்குத் தெரியும்.

"இருக்கிறதை அப்படியே சொல்லுங்க தம்பி" என்றாள் வத்சலா.

சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடுமுன் தாளின் மேல்பக்கத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டு, இதுதான் அவர் பேரா, என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள்.

உத்தமன் பார்த்தான். "நாகரத்னான்னு அடிச்சிருக்காங்கம்மா."

"நாகரத்தினம். அதை மட்டும் சரியாப் போடச் சொல்லுங்க."

டைப்பிஸ்ட் தாளைத் திரும்ப வாங்கி, அந்தப் பெயரைப் பேனாவால் கோடிட்டு அடித்தான். உத்தமன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அதற்கு மேலே எழுதினான். அவள் குனிந்து அதைப் பார்த்தாள், தமிழில் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை உத்தமனிடம் நீட்டினாள்.